இடைவாரைத் தளர்த்திவிட்டு உள்ளே வா: ‘ரன்சக்கா’ என்னும் தேடல்வினையின் கதை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வினைச்சொல். பழைய நோர்ஸ் மொழியில் அது ‘ரன்சக்கா’. இரண்டு துண்டுகள் சேர்ந்தது. ‘ரன்’ என்றால் வீடு. ‘சக்கா’ என்பது தேடுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வீடு புகுந்து தேடுதல், அவ்வளவுதான் பொருள். அந்தச் சொல் இன்று ஐஸ்லாந்தில் பல்கலைக்கழக ஆய்வைக் குறிக்கிறது. டென்மார்க்கில் காவல்துறை போடும் வீட்டுச் சோதனையைக் குறிக்கிறது. சுவீடனில் நீதிமன்ற விசாரணைக்கும் மனச்சாட்சியின் விசாரணைக்கும் அதுவே பெயர். கடல் கடந்து ஆங்கிலத்துக்குப் போனபோது சூறையாடுதல் ஆகிவிட்டது. ஒரே சொல் இத்தனை இடங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

வடபுலத்து மொழிகளில் தேடுவதற்கு வேறு வினைகளும் உண்டு. அவற்றில் இரண்டைச் சொல்லாமல் மூன்றாவதற்குப் போக முடியாது.

முதலாவது ‘லெய்த்தா’. ஐஸ்லாந்து மொழியிலும் ஃபாரோ மொழியிலும் அதே வடிவம். சுவீடிய மொழியில் ‘லேத்தா’. நார்வேயில் ‘லெய்தெ’, ‘லேதெ’ என இரு வடிவங்கள். டேனிய மொழியில் ‘லேதெ’. இதன் வேர் பார்வை சார்ந்தது. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த கோத்திய விவிலிய மொழிபெயர்ப்பில் ‘வ்லாய்த்தோன்’ என்று ஒரு வினை வருகிறது. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கூட்ட நெரிசலில் தன் ஆடையைத் தொட்ட பெண் யார் என்று இயேசு சுற்றுமுற்றும் பார்க்கிறார் அல்லவா, அந்த இடம். சுற்றிப் பார்ப்பது தேடுவதாக மாறும் கணம் அந்த ஒரு வசனத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறது. நோர்ஸ் மொழியில் ‘ல’கரத்துக்கு முன்னிருந்த ‘வ’கரம் உதிர்ந்துவிட்டது. பார்த்தல் என்ற பொருளில் ‘லீத்தா’, நிறம் என்ற பொருளில் ‘லித்துர்’ என்று இதன் உறவுச்சொற்கள் ஐஸ்லாந்தில் இன்றும் வழங்குகின்றன.

ஆக, ‘லெய்த்தா’ கண்ணால் தேடுவது, வெட்டவெளியில் தேடுவது. ஐஸ்லாந்தின் ஆட்டிடையர்கள் கோடை முழுவதும் ஆடுகளை மலைமேட்டில் தன்போக்கில் மேயவிட்டு, செப்டம்பரில் கூட்டமாகப் போய்த் தேடி ஓட்டிவருவார்கள். அந்தப் பயணங்களுக்கே ‘லெய்த்திர்’, அதாவது ‘தேடல்கள்’ என்றுதான் பெயர். கூட்டத்தின் தலைவர் ‘மலையரசன்’. எந்தப் பள்ளத்தாக்கை யார் அலச வேண்டும் என்று அவர் பிரித்துக்கொடுப்பார். ஓட்டிவந்த மந்தையை வட்டமான பட்டியில் அடைத்து, காதில் வெட்டிய அடையாளம் பார்த்து, அவரவர் ஆட்டை அவரவர் பிரித்தெடுப்பார்கள். முதல் தேடல், இரண்டாம் தேடல் என்று வரிசை உண்டு. எல்லாம் முடிந்தபிறகும் மலையில் தங்கிவிட்ட ஒன்றிரண்டு ஆடுகளுக்காகக் குளிர்காலத்தில் போவது ‘எஃப்திர்லெய்த்’, பின்தேடல். குன்னார் குன்னார்சன் 1936இல் வெளியிட்ட ‘ஆத்வெந்தா’ என்ற குறுநாவல் முழுக்க இந்தப் பின்தேடல்தான். பெனதிக்த் என்ற கூலியாள், ஒரு நாய், ஒரு கிடா மூவரும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் யாருடைய ஆடுகளையோ தேடிப் பனிப்புயலுக்குள் போகிறார்கள். தேடுவது ஒரு கடமை என்பதை அவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு கதையை நான் படித்ததில்லை.

இரண்டாவது வினை ‘சைக்யா’. சுவீடிய மொழியில் ‘சோக்கா’. கோத்தியத்தில் ‘சோக்யான்’, ஆங்கிலத்தில் ‘சீக்’, ஜெர்மனில் ‘ஸூகன்’ எல்லாம் இதன் உடன்பிறப்புகள். தடம் பற்றிப் போவது இதன் அடிப்படைப் பொருள். கூர்ந்து உணர்வதைச் சொல்லும் லத்தீன் ‘சாகீரே’ வரைக்கும் மொழியியலாளர் இந்த வேரைக் கொண்டுபோகிறார்கள். வடக்கே இந்த வினை சீக்கிரமே நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிட்டது. ஒருவன்மேல் வழக்குத் தொடுப்பது ‘சைக்யா’. குற்றமும் வழக்கும் ‘சாக்’. நாம் பேச வந்த சொல்லின் இரண்டாம் துண்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறந்தபோதே அதில் வழக்கின் வாசம் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டான ‘ரன்’ இன்னும் பழையது. கோத்தியத்தில் ‘ரஸ்ன்’ என்றால் வீடு. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆர்ன்’ என்று திரிந்தது. வாற்கோதுமையைக் குறிக்கும் ‘பெரெ’யோடு அது சேர்ந்து தேய்ந்துதான் இன்றைய ‘பார்ன்’ என்ற களஞ்சியச் சொல் வந்தது. வடபுலத்து மொழிகளின் அன்றாடப் பேச்சில் வீட்டுக்கு ‘ஹூஸ்’ என்ற சொல்லே நிலைத்தது. ‘ரன்’ பெரும்பாலும் கவிஞர்களின் சொல்லாக ஒதுங்கியது. ஆனால் ‘ரன்சக்கா’வுக்குள் அது பத்திரமாக இருந்தது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் நடுப்பகுதி இதுதான்.

சுவீடனின் வேஸ்தர்யோத்லாந்து மாகாணத்துப் பழைய சட்டம் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் வந்தது. 1280களில் எழுதப்பட்ட அதன் கைப்பிரதி ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் இருக்கிறது. சுவீடிய மொழியில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுவே. அதன் களவு அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. ஒருவனுடைய பொருள் களவு போய்விட்டது. தடம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் போகிறது. அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து சோதனை கேட்கிறான். சட்டம் அவனைப் பார்த்துச் சொல்கிறது: உள்ளே போகிறவர்கள் இடைவாரைத் தளர்த்திக்கொள்ள வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும், காற்சட்டையை முழங்காலில் கட்டிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் போக வேண்டும். நார்வேயின் குலாதிங் சட்டமும் இதையே சொல்கிறது: உடம்பில் சட்டை மட்டும், இடுப்பில் வார் கட்டக்கூடாது.

ஏன்? களவுப் பொருளைத் தேடுகிறவனே அதை மடியில் ஒளித்துக்கொண்டு போய், மூலையில் போட்டுவிட்டு, “இதோ கிடைத்துவிட்டது” என்று எடுக்கக்கூடாது என்பதற்காக. அந்தக் காலத்து மேலங்கியில் பை கிடையாது. இடைவாருக்கு மேலே தொங்கும் துணிமடிப்புதான் பை. வாரைத் தளர்த்தினால் மடிப்பில் இருப்பது கீழே விழுந்துவிடும். முழங்காலில் கட்டிய காற்சட்டைக்குள் எதையும் நழுவவிட முடியாது. சட்டம் எழுதியவர்கள் தையல்காரர் அளவுக்கு ஆடையை யோசித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரனுக்கும் கடமை உண்டு. முறைப்படி வந்தவர்களுக்குக் கதவைத் திறக்க மறுத்தால் குலாதிங் சட்டம் அவனையே கள்வனாகக் கொள்ளும். ஆனால் முதல் கட்டுப்பாடு தேடுகிறவனுக்குத்தான். சந்தேகத்துக்கு உரியவன் வீட்டுக்குள் இருப்பவன் மட்டுமல்ல, வாசலில் நிற்பவனும்தான் என்பதை எழுத்தில் ஏற்றிய சட்டம் இது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை.

இந்தச் சிந்தனை வடக்குக்கு மட்டும் உரியதல்ல. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலின் பன்னிரண்டாம் பகுதியில், பிறர் வீட்டில் தேட விரும்புகிறவன் ஆடையின்றியோ இடைவார் இல்லாத ஒற்றை உடுப்போடோ போக வேண்டும், பொருள் அங்கே கிடைக்கும் என்று நம்புவதாகத் தெய்வங்கள்மேல் ஆணையிட வேண்டும் என்கிறார். ரோமில் கையில் தட்டும் இடுப்பில் ஒற்றைத் துண்டுமாக நுழைந்து தேடும் பழைய வழக்கம் இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் கையஸ் அதை விவரித்துவிட்டு, இது முழுக்க நகைப்புக்குரிய சட்டம் என்று எழுதினார். இவை ஒரே மூதாதையரிடமிருந்து வந்த வழக்கமா, தனித்தனியே தோன்றியவையா என்ற விவாதம் பழையது. தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்பது என் எண்ணம். அயலானின் வீட்டுக்குள் நுழைகிறவன்மேல் சந்தேகப்பட ஒரு மூதாதை தேவையில்லை. கையஸுக்குச் சிரிப்பு வந்தது. சுவீடிய உழவனுக்கு வரவில்லை. 

ஐஸ்லாந்தின் ‘கிராகாஸ்’ சட்டத் தொகுப்பிலும் ‘ரன்சோக்னா தாத்துர்’, அதாவது வீட்டுச்சோதனை இயல் என்று தனிப்பகுதியே உண்டு. சட்டம் இருந்தும் அதை மீறினால் என்ன ஆகும் என்பதை ‘எயர்பிக்யா சாகா’ காட்டுகிறது. கதை நடப்பது 10ஆம் நூற்றாண்டின் கடைசியில். எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில்.

ஃப்ரோதாவில் வாழ்ந்த தோர்பியோர்ன் என்பவனுடைய குதிரைகள் காணாமல் போகின்றன. குறி சொல்கிறவன் ஒருவன் ஜாடையாக மாவாலித் வீட்டைச் சுட்டுகிறான். தோர்பியோர்ன் ஆட்களோடு அங்கே போய் நிற்கிறான். வீட்டுக்காரன் தோராரின் சண்டை சச்சரவை விரும்பாதவன். அவன் கேட்பது சட்டத்தின் கேள்விகள்: முறைப்படி சாட்சிகளை அழைத்திருக்கிறாயா, எந்த நடைமுறையின்படி தேட வந்திருக்கிறாய்? எதுவும் இல்லை. அப்படியானால் விடமாட்டேன் என்கிறான். தோர்பியோர்ன் வாசலிலேயே ஒரு தற்காலிக நீதிமன்றத்தை அமைத்து அவனைக் கள்வன் என்று வழக்குத் தொடங்குகிறான். தாய் கெய்ர்ரித் மகனின் பொறுமையைப் பழித்துப் பேசுகிறாள். தோராரின் ஆயுதத்தோடு வெளியே பாய்கிறான். அவன் மனைவி அவுத், பெண்களைக் கூட்டிவந்து ஆயுதங்கள்மேல் துணிகளை எறிந்து சண்டையை விலக்குகிறாள். எல்லாரும் பிரிந்தபிறகு முற்றத்தில் ஒரு கை கிடக்கிறது, பெண்ணின் கை. அது தன் கை என்பதை அவுத் மறைத்து வைத்திருந்தாள். அதையறிந்த தோராரின் துரத்திப் போய்த் தோர்பியோர்னைக் கொல்கிறான். குதிரைகள்? பின்னர் மலைமேல் செத்துக் கிடக்கக் காண்கிறார்கள். யாரும் திருடவில்லை.

அந்தக் கையை வெட்டியவன் ஒட் என்று தெரியவந்ததும், அவனைத் தேடி ஆர்ன்கெல் என்பவனும் தோராரினும் ஹோல்ட் என்ற இடத்துக்குப் போகிறார்கள். சாகா இலக்கியத்தில் தேடலை இத்தனை நெருக்கத்தில் காட்டும் பகுதிகள் குறைவு. ஒட்டின் தாய் கத்லா சூனியம் அறிந்தவள். முதல்முறை வந்தவர்கள் கண்ணில் பட்டது, நூல் நூற்கும் கத்லாவும் அவள் கையிலிருந்த நூற்புக்கோலும். திரும்பிப் போகும் வழியில்தான் அந்தக் கோல்மேல் சந்தேகம் வருகிறது. மறுபடி வந்தால் அவள் ஓர் ஆட்டின் மயிரைச் சீவிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் முறை சாம்பல்மேட்டில் ஒரு பன்றி படுத்திருக்கிறது. கடைசியாகக் கெய்ர்ரித் அவர்களோடு சேர்ந்து வருகிறாள். கத்லாவின் தலைமேல் ஒரு தோல்பையைக் கவிழ்த்துக் கட்டியபிறகு, மேடையின் பலகையைப் பெயர்த்தால் அடியில் ஒட் இருக்கிறான். மூன்று தடவையும் அவர்கள் தேடியது சரியான இடத்தில்தான், பார்த்தது சரியான பொருளைத்தான். தங்கள் கண்ணில் ஏற்றப்பட்டிருந்ததை அவர்கள் சோதிக்கவில்லை.

இனி இந்தச் சொல் கடல் கடக்கிறது. நோர்ஸ் மக்கள் குடியேறிய கிழக்கு, வடக்கு இங்கிலாந்து வழியாக அது ஆங்கிலத்தில் ஏறி, 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘ரான்சாக்’ என்று எழுத்தில் தெரிகிறது. அப்போது பொருள் சோதனையிடுவதுதான். நாளடைவில் நுழைந்து அள்ளிக்கொண்டு போவதாக மாறிவிட்டது. ஷேக்ஸ்பியர் ‘டிராய்லஸ்’ நாடகத்தில் கவர்ந்து வரப்பட்ட ஹெலனைப் பற்றி இந்தச் சொல்லை ஆளும் அளவுக்கு அது போய்விட்டது. ‘ரன்’ என்பது வீடு என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லைச் சுற்றியிருந்த சட்டமும் உடன் வரவில்லை. வாரைத் தளர்த்தச் சொல்ல ஆளில்லாத தேடல் கொள்ளையானது எனக்கு வியப்பாக இல்லை. வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஷெட்லாந்தில் சொல்லும் சட்டமும் சேர்ந்தே பிழைத்தன. 1469இல் டேனிய-நார்வேஜிய மன்னர் அந்தத் தீவுகளை மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்திடம் அடகு வைத்தார், மீட்கவே இல்லை. அடகு போன தீவில் ‘ரான்சல்மன்’ என்ற ஊர்ப் பதவி நீடித்தது. ஊரில் நாணயமானவர்கள் என்று பெயரெடுத்தவர்களை மன்றத்தில் தேர்ந்தெடுத்து, சத்தியம் வாங்கி, களவு நடந்தால் எந்த வீட்டிலும் நுழைந்து தேட அதிகாரம் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் கம்பளியும் இறைச்சியும் எங்கிருந்து வந்தன என்று கேட்பதும் அவர்கள் வேலை. பேச்சுமொழியான நோர்ன் மங்கிப்போன 18ஆம் நூற்றாண்டிலும் இந்தப் பதவி இருந்தது. வால்டர் ஸ்காட் ‘தி பைரேட்’ நாவலில் இதைக் கையாண்டிருக்கிறார்.

சுவீடனில் இந்தச் சொல் வேறொரு பாதையில் போனது. அங்கே ‘ரன்சாக்கா’ வீட்டை விட்டு மனிதனுக்குள் நுழைந்தது. இதயங்களையும் சிறுநீரகங்களையும் ஆராய்கிற கடவுள் என்ற விவிலியத் தொடர் அங்கே பழமொழிபோல் வழங்குகிறது. ‘ஆராய்கிற’ என்ற இடத்தில் நிற்பது இந்த வினைதான். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இதன் வழிவந்த சொல்லே. நீதிமன்றம் வழக்கை விசாரிப்பதும் ‘ரன்சாக்னிங்’.

17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அந்த நாட்டில் ஒரே சமயத்தில் இரு பெரும் ‘ரன்சாக்னிங்’ நடந்தன. ஒன்றை இன்றும் சுவீடியர் பெருமையோடு சொல்வார்கள். 1666 நவம்பர் 28 அன்று பழங்கால நினைவுச்சின்னங்களை அழிக்கக்கூடாது என்று அரசாணை பிறந்தது. அடுத்த ஆண்டு உப்சாலாவில் தொல்பொருள் கழகம் தொடங்கியது. ஒவ்வொரு பங்கிலும் உள்ள ரூன் கல்வெட்டுகள், புதைமேடுகள், பாழடைந்த கோட்டைகள், அவற்றைப் பற்றி ஊர் சொல்லும் கதைகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பும்படி பாதிரியார்களுக்கு உத்தரவு போனது. அந்த அறிக்கைகளின் தொகுதிக்குப் பெயர் ‘தொல்பொருள்களுக்கான ரன்சாக்னிங்’. அன்று விவரித்த கல் இன்று உடைந்து போயிருந்தால், அந்தப் பாதிரியாரின் சில வரிகளே நமக்கு மிச்சம்.

இன்னொன்று 1668 முதல் 1676 வரை நடந்த சூனியக்காரி விசாரணை. பிள்ளைகளைப் புளோகுல்லா என்ற சாத்தானின் இடத்துக்கு இரவில் தூக்கிப்போனதாகப் பெண்கள்மேல் குற்றச்சாட்டு. விசாரணை ஆணையங்கள் ஊர் ஊராகப் போயின. சாட்சிகள் குழந்தைகள். ஒரு குழந்தை சொன்னதை அடுத்த குழந்தை சொன்னது. கேட்டவர்கள் எதிர்பார்த்ததை எல்லாக் குழந்தைகளும் சொன்னார்கள். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். 1676இல் ஸ்டாக்ஹோமில் குழந்தைச் சாட்சிகள் தாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டபிறகுதான் அது நின்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டின் உழவர் சட்டம் எதை அஞ்சியதோ அதுவே நடந்தது: தேட வந்தவர்கள் பொருளைத் தாங்களே கொண்டுவந்து உள்ளே வைத்து எடுத்தார்கள். மடியில் அல்ல, கேள்விக்குள். அங்கே இடைவாரைத் தளர்த்தச் சொல்லும் விதி எதுவும் இருக்கவில்லை.

டென்மார்க்கில் ‘ரன்சாகெ’ நேர்க்கோட்டில் வந்தது. நீதிநடைமுறைச் சட்டத்தின் 73ஆம் அதிகாரம் காவல்துறைச் சோதனைக்கு ‘ரன்சாக்னிங்’ என்றே தலைப்பிட்டிருக்கிறது. நார்வேயின் 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பு குற்ற வழக்கில் தவிர வீட்டுச்சோதனை கூடாது என்று 102ஆம் பிரிவில் விதித்தபோது லத்தீன் சொல்லோடு ஒட்டிய ஒரு தொடரை எழுதியது. 2014இல் மொழியைப் புதுப்பித்தவர்கள் அந்த இடத்தில் ‘ஹூஸ்ரன்சாக்கெல்ஸே’ என்று வைத்தார்கள். உள்ளே ‘ரன்’ என்ற வீடு இருப்பது மறந்துபோனதால் முன்னால் இன்னொரு வீடு.

ஐஸ்லாந்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். வீட்டில் தேடும் வேலையை அங்கே மலையில் ஆடு தேடிய ‘லெய்த்’ எடுத்துக்கொண்டது. காவலர் போடும் சோதனை ‘ஹூஸ்லெய்த்’. விடுபட்ட ‘ரன்சோக்ன்’ ஆய்வு என்ற பொருளில் நிலைத்தது. அண்டை நாட்டவர் ஜெர்மன் வழியாக ‘ஃபோஷ்க்னிங்’ என்று எடுத்துக்கொண்டபோது, ஐஸ்லாந்தியர் தங்கள் பழைய சட்டச்சொல்லையே ஆய்வகத்துக்கும் கடலாய்வு நிறுவனத்துக்கும் வைத்தார்கள்.

2008 அக்டோபரில் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மூவர் கொண்ட ‘ரன்சோக்னர் நெஃப்ந்த்’, விசாரணை ஆணையத்தை அமைத்தது. 2010 ஏப்ரல் 12 அன்று ஒன்பது தொகுதிகளில் அறிக்கை வந்தது. கடைகளில் மக்கள் வாங்கிப் படித்தார்கள். ரெய்க்யவிக் நகர நாடக அரங்கின் நடிகர்கள் மேடையில் உட்கார்ந்து, இரவு பகலாக முறைவைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்தார்கள். சோதனை சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டும் என்று தோராரின் கேட்டானே, அதை ஓர் ஊரே செய்து காட்டியதாக நான் எண்ணுகிறேன்.

அந்த அறிக்கையிலிருந்து வழக்கும் பிறந்தது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே 1905 முதல் சட்டத்தில் இருந்தும் ஒருமுறைகூடக் கூடாத ‘லாந்த்ஸ்தோமுர்’ என்னும் நீதிமன்றம் முன்னாள் பிரதமர் கெய்ர் ஹார்தெயின் வழக்குக்காகக் கூடியது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரின் பதவிப்பெயர் ‘சாக்சோக்னாரி’: வழக்கு, தேடல் இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டின் முக்கிய விவகாரங்களை அமைச்சரவைக் கூட்டத்தில் வைக்கத் தவறியது என்ற ஒரு குற்றச்சாட்டில் மட்டும் அவர் குற்றவாளி, மற்றவற்றில் விடுதலை, தண்டனை இல்லை.